புறப்படுமுன் போடவேண்டிய கணக்கு

வெளிநாடு போவது சரியா, பிழையா என்று விவாதிக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. உறவினர் ஒருவரேனும் வெளிநாட்டில் இல்லாத குடும்பத்தை எம்மவரிடையே காண்பது அரிது. போவதென்று தீர்மானித்துவிட்ட ஒருவரும், அவரை அனுப்பிவைக்கும் பெற்றோரும் மனைவியும், கடவுச்சீட்டைத் தவிர வேறு எவற்றை ஆயத்தம் செய்யவேண்டும் என்பதையே இங்கு பார்க்கப்போகிறோம்.

முதலில் கடன். நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் இருபது இலட்சம் ரூபா திரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால், மாதமொன்றுக்கு 60,000 ரூபா. ஆண்டுக்கு 7 இலட்சத்து 20,000 ரூபா. இது வட்டி மாத்திரமே. முதல் அப்படியே நிற்கும். போனவருக்கு உடனே வேலை கிடைத்தாலும் முதற் சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் செல்லலாம். வேலை தேடவேண்டியிருந்தால் இன்னும் சில மாதங்கள் கழியும். அந்த மாதங்களின் வட்டியை இங்கே யார் கட்டுவது? இதற்கு வீட்டில் விடை இல்லையென்றால், பயணத்தைச் சற்றுப் பின்போடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். “போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரிவரும்” என்பது விடையாகாது.

அங்கும் கையில் பணம் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகைக்கு வீடு எடுப்பவரிடம் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பது வழக்கம். இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்கு ஐந்து வார வாடகை வரை வைப்புப் பணமாகக் கேட்கலாம். “மாமா வீட்டில் நிற்கலாந்தானே” என்பீர்கள். நிற்கலாம், ஆனால் எத்தனை மாதத்துக்கு, சாப்பாட்டுக்கும் அறைக்கும் என்ன கொடுப்பது என்பதை மாமாவிடமும் முக்கியமாக மாமியிடமும் இப்போதே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டுப் பின்னர் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் உறவினர்களை நீங்களும் அறிவீர்கள்.

அடுத்தது விசா. அது எதற்குக் கட்டுப்பட்டது என்பதை வாசித்து அறியாமல் பணம் கட்டக்கூடாது. பிரித்தானியாவின் பராமரிப்பு வேலை விசாவை உதாரணமாக எடுப்போம். 2022 பெப்ரவரியில் அந்த வழி திறந்தது. 2024 மார்ச் 11ஆம் திகதி முதல், புதிதாக விண்ணப்பிப்போர் மனைவி மக்களைக் கூட்டிச்செல்ல முடியாதென்று விதி வந்தது. 2025 ஜூலை 22ஆம் திகதி, வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. மூன்றரை ஆண்டுக்குள் ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டது! முந்தின வருடம் போனவர் சொன்ன விபரம் இந்த வருடம் செல்லுபடியாகும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இன்னுமொன்று: இவ்வகை விசா வேலை கொடுப்பவரின் அனுமதிப்பத்திரத்தில் தங்கியிருக்கிறது. அது இரத்தானால், வேறொரு வேலை கொடுப்பவரைத் தேடப் பொதுவாக 60 நாட்களே கிடைக்கும். ஆகவே முகவரின் பேச்சோடு நில்லாமல், அந்த நாட்டு அரசாங்கத்தின் இணையத்தளத்தை நீங்களே பாருங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் ஊரில் ஓர் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். வேலைக்குப் போகிறவர் 1985ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யவேண்டும். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கும்போது உங்கள் பட்டம் அந்நாட்டுப் பட்டத்துக்குச் சமமானதென்று மதிப்பிட்டுத் தருவார்கள். அந்தக் கடிதம் தாதியாகவோ ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ வேலை செய்யும் அனுமதி அல்ல. அதற்கு ஒவ்வொரு மாகாணத்திலும் தனிச் சபை உண்டு, பரீட்சை உண்டு, செலவு உண்டு, காலமும் எடுக்கும். பதினைந்து வருடம் படிப்பித்த ஒருவர் அதுவரை களஞ்சியத்தில் பெட்டி தூக்கவேண்டி வரலாம். தொழில் எதுவாயினும் இழிவில்லை. ஆனால், இதை எதிர்பார்த்துப் போகிறவருக்கும் எதிர்பாராமல் போகிறவருக்கும் மனநிலையில் பெரிய வித்தியாசம் உண்டு. டிசம்பரில் இலண்டனில் பிற்பகல் நாலு மணிக்குமுன் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே திரும்பும் மாதங்களில்தான் பலர் மனம் சோர்கிறார்கள்.

இனி, வீட்டில் நிற்பவர்களைப் பற்றி. காணி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூட அலுவல் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும். அற்றோணித் தத்துவத்தைப் புறப்படுமுன் எழுதிவிடுங்கள். அங்கிருந்து எழுதி அனுப்புவதென்றால் ஒரு நாள் வேலையை விட்டு இலங்கைத் தூதரகத்துக்கு அலையவேண்டி வரலாம். தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். மனைவி தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்துடனேயே கைமாற்றலாம் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் விதித்தது. உங்கள் உறுதியை நொத்தாரிசிடம் காட்டி, கணவன் இல்லாத காலத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரங்களைச் சேர்க்கும்போது, ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் பெயர், திகதி, பதிவேட்டு இலக்கம் மூன்றையும் குறித்துக் கொடுத்தனுப்புங்கள். அங்கே திருமணம் என்று வரும்போது புதிதாக எடுத்த சான்றிதழைக் கேட்பார்கள்; பழைய பிரதி உதவாது.

மாதம் எவ்வளவு அனுப்புவது என்பதையும் பேசி முடியுங்கள். அனுப்ப முடியாத மாதத்தில் உண்மையைச் சொல்லலாம் என்ற தைரியத்தை மகனுக்குக் கொடுங்கள். அவன் படத்தில் யாரோ ஒருவரின் காருக்கு அருகில் நின்று சிரிப்பதை வைத்துத் தங்கச்சியின் சீதனத்தைப் பேசிவிடாதீர்கள்.

கடைசியாக அம்மாமாருக்கு. உங்கள் பிள்ளை இதுவரை உலையில் அரிசி போட்டிருக்கிறானா? விசா வரும்வரை இரண்டு மூன்று மாதங்கள் உண்டு. சோறும் பருப்பும் ஒரு மீன்குழம்பும் அவனே சமைக்கட்டும்; தன் சட்டையைத் தானே தோய்க்கட்டும். முதல் வாரம் சோறு குழைந்தால், அதையே எல்லோரும் சாப்பிடுங்கள்.