கிட்டார் பெட்டி: ஹை-ஃபை சட்டம் இங்கே செல்லாது

வீட்டிலேயே கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆசைப்படுகிற பலர், பலகை வாங்கப் போகும் முன்பே தயங்கி நின்றுவிடுகிறார்கள். லிட்டர் கணக்கு, கணினியில் வரைபடம், உள்ளே பஞ்சு, விலையுயர்ந்த மரம் என்று கேள்விப்பட்டது அத்தனையும் மலைப்பைத் தருகிறது. அவற்றில் பாதிக்கு மேல் ஹை-ஃபை பெட்டிக்கு உரியவை. பதிவான இசையை உள்ளது உள்ளபடி ஒலிப்பது அதன் வேலை. கிட்டார் பெட்டி வாத்தியத்தின் ஒரு பாகம். அது ஒலியை மாற்றத்தான் வேண்டும்.

நம்பிக்கை: பெட்டியின் கொள்ளளவை மிகச் சரியாகக் கணக்கிடாவிட்டால் ஒலி கெட்டுவிடும்.

ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் முன்வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய கணக்கு முறை உண்மையிலேயே பெரிய சாதனை. காற்றுத் துளை வைத்த பெட்டி செய்கிறவர்களுக்கு அது இன்றியமையாதது. ஆனால் ராக் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்ட, நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் பெட்டி அந்தக் கணக்கில் பிறந்ததில்லை. லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். அன்றைய ஸ்பீக்கர்கள் தாங்கக்கூடிய வாட் குறைவு. இரண்டு போட்டால் கிழிந்தன, அதனால் நான்கு போட்டார். நான்கும் அடங்குகிற வசதியான அளவு என்பதைத் தவிர அந்தப் பெட்டியின் அளவுக்கு வேறு காரணம் இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மார்ஷலின் முதல் ஆம்ப்பான ஜேடிஎம் 45, அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. இருந்தும் இரண்டின் ஒலியும் வேறு வேறு. வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் மாறியது ஒரு காரணம். பேஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் திறந்த பெட்டி; மார்ஷலில் நான்கு 12 அங்குலம், பின்பக்கம் முழுக்க மூடியது. இது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கட்சி.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் எதிரெதிரானவை. பின்பக்கம் திறந்திருந்தால் தாழ்ந்த சுருதி அலைகள் பெட்டியைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் அடிநாதம் மெலியும். ஆனால் ஒலி அறை முழுவதும் பரவும். மூடிவிட்டால் அடிநாதம் இறுகும், ஒலி நேர் முன்னால் பாயும். லிட்டரில் ஐந்தாறு கூடுவதும் குறைவதும் இந்த வித்தியாசத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது பின்பலகையைத்தான். அதை மூன்று துண்டாக அறுத்து, நடுத்துண்டைக் கழற்றி மாட்டும்படி திருகாணி வைத்தால் ஒரே பெட்டியில் இரண்டு குணங்களும் கிடைக்கும்.

ஒரு 12 அங்குல ஸ்பீக்கருக்கு, வெளி அளவில் 20 அங்குல அகலம், 18 அங்குல உயரம், 11 அங்குல ஆழம் வைத்துக்கொள்ளலாம். 18 மி.மீ. பலகையில் செய்தால் உள்ளே ஏறக்குறைய 48 லிட்டர் வரும். எட்டுக்கு நாலு ப்ளைவுட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். துளையை மட்டும் 12 அங்குலத்துக்கு அறுத்துவிடாதீர்கள். பல 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கு 283 மி.மீ. துளைதான் வேண்டும், கையில் இருக்கும் ஸ்பீக்கரின் தகவல் தாளைப் பார்த்துவிட்டு ஜிக்சாவை எடுங்கள்.

நம்பிக்கை: நல்ல ஒலிக்குத் தேக்கு போன்ற உயர்ந்த மரம் வேண்டும்.

வீணைக்குப் பலா மரம் தேடுவதில் அர்த்தம் உண்டு. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரத்துக்குள் இறங்கி, அந்த மரமே பாடுகிறது. பெட்டியில் பாடுவது காகிதக் கூம்பு. மரம் அறவே பேசாது என்று சொல்லவில்லை. 1950-களின் ஃபெண்டர் பெட்டிகள் பைன் பலகையில் செய்யப்பட்டவை; அந்த இலேசான பெட்டியின் அதிர்வும் ஒலியில் கலந்துதான் வரும், அதை விரும்புகிறவர்கள் இன்றும் நிறைய. மார்ஷல் பயன்படுத்தியதோ பிர்ச் ப்ளைவுட். இரண்டுமே தேக்கு அல்ல.

நம் ஊரில் நல்ல 18 மி.மீ. ப்ளைவுட் போதும். மலிவான பலகையில் அடுக்குகளுக்கு நடுவே பொந்து இருக்கும். பாட்டின் நடுவில் கரகரவென்று அதிர்வது பெரும்பாலும் அதுதான். அறுத்த விளிம்பைப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் வாங்குங்கள். எம்டிஎஃப் கனம், ஈரம் பட்டால் ஊதும், விளிம்பில் திருகாணி நிற்காது. மூலைகளில் உட்புறம் ரீப்பர் கட்டை வைத்து, பசையும் திருகாணியும் சேர்த்து இறுக்க வேண்டும். திருகாணியை மட்டும் நம்பினால் மூட்டு சில மாதங்களில் தளரும்.

நம்பிக்கை: ட்வீட்டரும் சேர்த்தால் ஒலி துல்லியமாகும்.

ஆகாது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாக அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் ஏற்றும்போது எழும் கூர்மையான மேல் ஒலிகளை வடிகட்டுவது அந்த அடக்கமே. ட்வீட்டர் அவற்றை நேராகக் காதில் கொட்டும்.

நம்பிக்கை: வாட் கூடினால் சத்தம் கூடும்.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் சொல்கிறது. சத்தத்தைச் சொல்வது டெசிபல் எண். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் மாட்டினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆனால் 15 வாட் வால்வு ஆம்பை முழுதாகத் திருகினால் எழுதியதைவிடக் கூடுதலாகவே தள்ளும் என்பதால், 30 வாட் தாங்கும் ஸ்பீக்கராகப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: ஓம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

இந்த ஒன்றில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கோத்தால் 4 ஓம், தொடராகக் கோத்தால் 16. வால்வு ஆம்பில் அதன் பின்புறம் எழுதியிருக்கும் ஓமோடு பெட்டி பொருந்த வேண்டும். ஸ்பீக்கரே இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போவதுதான் ஆபத்து. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டினால் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது கம்பிச்சுருளின் நேர்மின்தடை, அப்படித்தான் காட்டும்.

இரண்டு ஸ்பீக்கர் என்றால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு, இரண்டு கூம்பும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போனால் அடிநாதம் காணாமல் போய்விடும். ஆம்பிலிருந்து பெட்டிக்கு, கிட்டாருக்குச் செருகும் ஷீல்டு கேபிளைப் போடாதீர்கள். ஜாக் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி மெலிது, சூடாகும். 1.5 சதுர மி.மீ. இரட்டை வயரை வாங்கி, இரு முனையிலும் ஜாக்கைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.