தைப்பூசப் படம்: முதலில் முகம்

தைப்பூசம் வந்தால் பத்துமலைக்குக் காவடிகளோடு கேமராக்களும் கிளம்பிவிடும். வெளிநாட்டுப் பயணிகள் பெரிய லென்ஸோடு வருகிறார்கள், நாம் கைப்பேசியோடு போகிறோம். எடுத்த படங்களை இணையத்தில் தேடிப் பாருங்க. அலகு குத்திய கன்னம், முதுகில் தொங்கும் கொக்கி, வெளியே நீட்டிய நாக்கு, இவைதான் அதிகம். அந்தக் கன்னம் யாருடையது? தெரியாது. முகம் இருட்டாக இருக்கும், இல்லையென்றால் படத்துக்குள்ளேயே இருக்காது.

இந்த மாதப் பாடத்தில் ஒரே விஷயம்தான்: திருவிழாவில் படம் எடுக்கும்போது முதலில் முகத்தைப் பாருங்கள். இது தொழில்நுட்பப் பாடமும்தான், பண்பாட்டுப் பாடமும்தான்.

ஏன் முகம்?

காவடி எடுப்பவர் பல நாள் விரதம் இருந்து வருகிறார். பலர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருக்கிறார்கள். அவர் 272 படி ஏறி முருகன் சன்னதிக்குப் போய்ச் சேரும் அந்த நேரத்தில் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது. அன்று அவர் எப்படி இருந்தார் என்பது அடுத்தவர் எடுத்த படத்தில்தான் இருக்கும். அந்தப் படத்தில் கொக்கி மட்டும் தெளிவாகத் தெரிந்தால், நாம் அவருக்கு எதைக் கொடுத்திருக்கிறோம்?

கேமரா எப்படிக் கணக்குப் போடுகிறது?

கேமராவுக்கு முகம் எது, வானம் எது என்ற அறிவு முன்பு கிடையாது. எதிரே இருப்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் அதன் வெளிச்ச மீட்டர் நினைக்கும். விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. பின்னால் வெளுத்த வானம் இருந்தால், “வெளிச்சம் கூடிப்போச்சு” என்று கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முதலில் அடிபடுவது நம்ம ஆட்களின் கறுத்த முகம்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு சோதனை அட்டை அனுப்பும். அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகளுக்குக் கறுத்த தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்றைய கைப்பேசிகள் முகத்தை அடையாளம் காண்கின்றன, எவ்வளவோ தேறியிருக்கின்றன. ஆனாலும் எதிர் வெயிலில் கணக்கை நாம்தான் சரிசெய்ய வேண்டும்.

செய்முறை இதுதான்:

1. கைப்பேசித் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குவியமும் வெளிச்சமும் அங்கே பூட்டிக்கொள்ளும்.

2. கன்னத்தைத் தொடுங்கள், நெற்றியைத் தொடாதீர்கள். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். வெள்ளையை அளந்தால் கேமரா முகத்தை இன்னும் இருட்டாக்கிவிடும்.

3. கறுத்த கன்னத்தை அளந்ததும் கேமரா அதைச் சாம்பல் நிறத்துக்கு ஏற்றப் பார்க்கும். முகம் வெளிறிப்போகும். உடனே வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் ஸ்பாட் மீட்டரிங் வைத்திருந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. கறுப்பு கறுப்பாகவே, ஆனால் உயிரோடு தெரிய வேண்டும். வெளுப்பாக்கும் ‘பியூட்டி’ ஃபில்டரை அணைத்துவிடுங்கள்.

4. மஞ்சள் சேலைக் கூட்டத்தில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். பகல் வெயிலில் ‘டேலைட்’ வைத்தால் மஞ்சள் மஞ்சளாக வரும்.

5. முகத்துக்கு மிக அருகே போய் எடுக்காதீர்கள். கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகலமானது, கிட்டப் போனால் மூக்கு பெரிதாகிவிடும். இரண்டடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். காவடிக்கும் வழி கிடைக்கும்.

இடத்துக்கு ஏற்ற கணக்கு

இரவில் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். அப்போது ஃபிளாஷ் அடிப்பதில் பயனில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல். இரண்டு மீட்டரில் நன்றாக விழும் ஃபிளாஷ், பத்து மீட்டரில் 25-ல் ஒரு பங்குதான். ரதத்துக்கு எட்டாது, முன்னால் நிற்கும் பாட்டியின் கண்ணைத்தான் கூச வைக்கும். ரதத்தின் விளக்கொளியே போதும்: ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/125, லென்ஸை முடிந்த அளவு திறந்து வையுங்கள். ரதத்தையே பார்க்காமல், அந்த ஒளி விழும் பக்தர்களின் முகத்தையும் பாருங்கள்.

பகலில் காவடி ஆடி வரும்போது ஷட்டர் 1/500-க்குக் குறையக் கூடாது. வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 200 வைத்துத் தொடங்கலாம். மயிலிறகு சுழலும் வேகம் தெரிய வேண்டும் என்றால் 1/30-க்கு இறக்கி, ஆடுபவரின் முகத்தோடு கேமராவையும் நகர்த்துங்கள். பினாங்கில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பதை எடுக்க 1/1000 வேண்டும்.

மலைக்குகைக்குள் கதை வேறு. உள்ளே இருட்டு, மேலே திறந்த பாறை வழியாக வானம். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். மேலிருந்து ஒளி விழும் இடத்துக்கு அருகே நின்று, அங்கே முகங்கள் வரக் காத்திருங்கள்.

கேமராவைத் தாழ்த்த வேண்டிய இடங்கள்

ஆற்றங்கரையில் குளித்து ஈரத் துணியோடு நிற்பவர்களை எடுக்காதீர்கள். பொது இடம்தானே என்று சொல்லலாம், ஆனால் அந்த அக்கா நம் கேமராவுக்காகக் குளிக்க வரவில்லை. அருள் வந்து ஆடுபவரிடம் அந்த நேரத்தில் சம்மதம் கேட்க முடியாது. அதனால் கூட வரும் குடும்பத்தாரிடம் கேளுங்கள்: “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” வேண்டாம் என்று தலையாட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மொட்டை போடும் குழந்தைக்கு அம்மா அப்பாவிடம் கேட்க வேண்டும்.

அருள் வந்தவரின் காணொளியில் கிண்டல் பாட்டைச் சேர்த்து அனுப்புவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அதைப் பிறருக்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்துவதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான்.

ஒரு காவடியைச் சுற்றி எத்தனை பேர் என்பதையும் கவனியுங்கள். தண்ணீர் கொடுக்கும் தங்கை, நாற்காலி தூக்கி வரும் மாமா, “வேல் வேல்” என்று தொண்டை கட்டக் கத்தும் நண்பர்கள், பால்குடத்தோடு பின்னால் வரும் அம்மா. உலகத்துக்குப் போகும் படங்களில் இவர்கள் அதிகம் இருப்பதில்லை. பயணி ஒரு நாள் வந்து போகிறவர், அவருக்கு அலகுதான் அதிசயம். நமக்கு அந்த மாமாவையும் தெரியும். அதனால் அவரை எடுக்கும் பொறுப்பு நம்முடையது.

எடுத்த பிறகு

எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள். கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பொதுவில் போடுவதற்குத் தனியாக அனுமதி வாங்குங்கள். படம் எடுக்கச் சரி என்றவர், எல்லோருக்கும் காட்டவும் சரி என்றதாக அர்த்தமில்லை.

பயிற்சி

தைப்பூசத்துக்கு முன் ஒரு மாலை பசார் மாலாமுக்கோ பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக்கோ போங்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள், பேசுங்கள், பிறகு கேளுங்கள். ஒரே முகத்தை மூன்று விதமாக எடுங்கள்: ஆட்டோவில் ஒன்று, கன்னத்தைத் தொட்டு ஒன்று, தொட்டபின் வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று. மூன்றையும் கடைக்காரரிடமே காட்டி, எது அவர் என்று கேளுங்கள்.

வகுப்பில் பேச:

1. உங்கள் கைப்பேசியில் உள்ள போன தைப்பூசப் படங்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

2. உங்கள் அப்பாவோ அண்ணனோ காவடி எடுத்தால், எந்த மாதிரிப் படம் வீட்டுச் சுவரில் மாட்டுவீர்கள்?

3. முன்பின் தெரியாத ஒருவரை எடுக்கும்போதும் அதே படத்தை எடுக்க நாம் என்ன செய்ய வேண்டும்?