பாயைத் திருப்பிப் பார்

தம்பி,

தூத்துக்குடியில் கையால் நெய்த பாய் மட்டும் விற்கிற கடை போடப் போகிறாய் என்று கேள்விப்பட்டு எழுதும் கடிதம் இது. நல்ல முடிவு. ஆனால் பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கிற ஊரில், "இதுக்கு எதுக்கு இம்புட்டு விலை?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். பதில் உன் கைவசம் இருக்க வேண்டும்.

முதலில், இங்கே ஏன் கோரை என்று சொல்லத் தெரிய வேண்டும். வேம்பூர் ஆட்டை உனக்குத் தெரியும். கறிக்கு வளர்க்கிற செம்மறி. உடம்பில் முடிதான் உண்டு, கம்பளம் நெய்யக் கம்பளி கிடையாது. மொராக்கோவின் அட்லஸ் மலைக் குளிரில் பெர்பர் பெண்களுக்கு ஆட்டுக் கம்பளி வாய்த்தது. இந்தச் சீமையின் வெக்கைக்கு வாய்த்தது ஆற்றங்கரைக் கோரை.

அந்தக் கோரையைப் பாயாக்குவதில் பத்தமடையை மிஞ்ச ஊர் இல்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கிறது. லப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக நெய்கிறார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஒரு நாள் பூரா அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு வா. பச்சையாக அறுத்த கோரையைக் கீறிக் காயவைத்து, தாமிரபரணியின் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பருத்ததும் எடுத்து மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறுகிறார்கள். தரையை ஒட்டிக் கட்டிய பாவு நூலின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, நீளக் குச்சியில் கோரையைக் கொடுத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டு அச்சால் நெருக்க வேண்டும். நைஸ் பாய் என்கிற மெல்லிய ரகம் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். இதைக் கண்ணால் பார்த்தவன் விலையில் அடாவடியாகப் பேரம் பேச மாட்டான்.

கொள்முதலின்போது முதலில் பாயைத் திருப்பிப் போடு. கம்பளம் வாங்குகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்; முடிச்சின் நெருக்கம் பின்பக்கத்தில்தான் தெரியும். பிறகு ஓரத்தைப் பார். கோரை நுனி ஒழுங்காக மடங்கி இறுகியிருக்கிறதா, விரலால் நெருடினால் பிரிகிறதா? துணிப்பட்டி வைத்துத் தைத்திருந்தால் அதைக் கொஞ்சம் விலக்கிப் பார். கடைசியாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடி; இழுத்து நெய்யாத இடம் பல்லைக் காட்டிவிடும்.

நெசவின் நெருக்கத்தை 100, 120, 140 என்று கவுண்டில் சொல்லி விற்பார்கள். கவுண்ட் ஏற ஏறக் கோரை மெலியும், விலை கூடும். ஆனால் கவுண்டை மட்டும் நம்பாதே; உன் ஊர் முத்து வியாபாரத்தை நினைத்துக்கொள். 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. முத்து வியாபாரிகள் பித்தளைச் சல்லடைத் தட்டுகளை வைத்திருந்தார்கள்: 20 துளைத் தட்டில் தங்கினால் பெரிய முத்து, 1000 துளைத் தட்டுவரை இறங்கினால் பொடி. சலித்த கையோடு விலை சொல்லிவிடவில்லை. உருட்சியும் ஒளியும் பார்த்த பிறகே ஆணிமுத்து என்று ஒத்துக்கொண்டார்கள். கவுண்டும் ஒரு சல்லடைதான். 140 என்று காதில் விழுந்ததும் பணத்தை எண்ணாமல், நெருக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்.

சாயத்தையும் சோதித்துவிடு. முன்பு சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையை ஊறவைத்துக் காய்ச்சினார்கள். இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் மூலையில் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும். ஒட்டுகிற பாயை வாங்காதே.

இனி உன் ஊருக்கே உரிய தொல்லைக்கு வருவோம். கடலும் உப்பளமும் சூழ்ந்த இடம், காற்றிலேயே பிசுபிசுப்பு. ஐப்பசி கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொண்டால் கோரையில் பூசணம் பூக்கும். கம்பளிக்குப் பூச்சி எமன், கோரைக்கு ஈரம். பாயைச் சுவரில் ஒட்டி நிறுத்தாதே, சிமென்ட் தரையில் கிடத்தாதே. மரப்பலகையில், நூல்துணி சுற்றி, சுருட்டி வை. பாலிதீன் உறை வேண்டவே வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். நைஸ் பாய் மடித்தாலும் உடனே ஒடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் முதலில் போவது அந்த இடம். வெயில் வந்த நாளில் விரித்துப் போடு, நிழலில். உச்சி வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும், கோரை மொறுமொறுத்து உடையும்.

இதையெல்லாம் வாங்குகிறவர்களுக்கும் சொல்லி அனுப்பு. குழந்தை நனைத்துவிட்டால் பிழிந்த துணியால் துடைத்து, காற்றாட விட்டுவிடச் சொல். ஊறவைத்துத் துவைத்துவிட்டு, "ஒரு வருஷம்கூட வரலை" என்று வந்து நின்றால் கெட்டுப்போவது நெய்தவரின் பெயர். பத்தமடையில் தறியில் இருப்பவர்களில் பெண்களே அதிகம். அவர்களுக்கு வேலை தொடர்ந்து வருவது உன் கடைப் பேச்சையும் பொறுத்தது.

கல்யாணப் பாய் ஆர்டர் எடுக்கும்போது மட்டும் கூடுதல் கவனம். மாப்பிள்ளை பெண் பேரைக் கோரையிலேயே நெய்து தருவார்கள். பேரைப் போனில் கேட்டு எழுதாதே. பத்திரிகையை வாங்கி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது அச்சாரத்தோடு பத்தமடைக்குச் சேர்த்துவிடு.