ஆபீஸுக்கும் மகாபலிபுரத்துக்கும் ஒரே சைக்கிள்: எவ்வளவு செலவு பண்ணலாம், எதைப் பார்த்து வாங்கணும்?



"சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன், பெட்ரோல் செலவு மிச்சமாகும்ல?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பெட்ரோலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பெரிசா ஒண்ணும் மிச்சமாகாது. சைக்கிள் ஆதரவாளன் நானே இப்படிச் சொல்றேனேன்னு நினைக்காதீங்க, கணக்கைப் பாருங்க.

வீடு அடையாறு, ஆபீஸ் தி.நகர். போக வர சுமார் 12 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாள் என்றாலும் மழை, விசேஷம், சோம்பல் எல்லாம் போக 16 நாள் மிதிப்பீங்கன்னு வச்சுக்குவோம். மொத்தம் 192 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் நாலே கால் லிட்டர் பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 430 ரூபாய், வருஷம் 5,160. இதில் சைக்கிளுக்கு சர்வீஸ், டியூப், பிரேக் கட்டை என்று வருஷம் 2,000 போய்விடும். மிச்சம் 3,160. அதாவது 20,000 ரூபாய் சைக்கிளில் போட்ட காசை எடுக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும்!

இப்ப அதே ஆள் தினமும் ஆட்டோவில் போறவர்னு நினைங்க. ஒரு தடவைக்கு 130 ரூபாய் என்றாலும் 16 நாளுக்கு 4,160. அஞ்சு மாசத்தில் சைக்கிள் காசு திரும்பி வந்துடும். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கும்போது இரண்டாவதாக இன்னொன்றை வாங்காமல் சைக்கிளோடு நிறுத்தினால் இன்னும் லாபம். ஒரு லட்சத்தைத் தொடும் ஆன்ரோடு விலை, இன்சூரன்ஸ் எல்லாமே மிச்சம். சைக்கிளுக்கு ரிஜிஸ்ட்ரேஷனும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது.

அதனால் கடைக்குப் போகும் முன்னால் ஒரு கேள்வி: இந்த சைக்கிள் எந்தச் செலவை நிறுத்தப் போகுது? அதுதான் உங்க பட்ஜெட்டைத் தீர்மானிக்கணும். ஸ்கூட்டர் பெட்ரோலை மட்டும் என்றால் 10,000, 12,000-க்கு மேல் போகாதீங்க. ஆட்டோவை என்றால் 20,000, 25,000 வரை தாராளமா போகலாம்.

நான் முதல் தடவை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கல. 14,500 ரூபாய்க்கு ஒரு எம்டிபி வாங்கினேன். முன்னாடி ஷாக் அப்சார்பர், பின்னாடி ஷாக் அப்சார்பர், டிராக்டர் மாதிரி டயர். பார்க்க கம்பீரமா இருந்தது. மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜார் போய்ச் சேர்வதற்குள் சட்டை தொப்பலாக நனைஞ்சிடும். ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் முன் ஷாக் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. கடைசியில் 5,000-க்கு விற்றேன். நஷ்டம் 9,500. மேலே சொன்ன கணக்குப்படி மூணு வருஷ பெட்ரோல் மிச்சம் அது!

தப்பு எங்கே நடந்ததுன்னா, மலைக்கு செஞ்ச வண்டியைத் தட்டையான ஊரில் ஓட்டினேன். தென் சென்னையில் நமக்கு வரும் பெரிய ஏற்றமே மேம்பாலமும், அடையாறு ஆற்றின் மேல் இருக்கிற திரு.வி.க. பாலமும்தான். விலை குறைந்த சைக்கிளில் வரும் ஷாக் அப்சார்பர் இரண்டு கிலோ கூடுதல் எடை, அவ்வளவுதான். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அதுவே குடிச்சிடும்.

சரி, அப்போ ஒல்லி டயர் ரோடு பைக் வாங்கலாமா? அதுவும் வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையில் லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் பக்கமெல்லாம் சாலை என்ன பாடு பட்டதுன்னு உங்களுக்கே தெரியும். இரும்புத் தகடு, ஒட்டுப்போட்ட தார், திடீர் பள்ளம். 25 மில்லிமீட்டர் டயர் அதில் தாங்காது. நிறைய ரோடு பைக்கில் கேரியர் மாட்ட ஓட்டையும் இருக்காது.

நடுவில் இருப்பது ஹைப்ரிட். ஆனா கடையில் ஹைப்ரிட் என்று ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் ஹைப்ரிட் இல்லை. ஷாக் இல்லாத நேரான முன் ஃபோர்க் இருக்கணும். டயர் பக்கவாட்டில் 700×35 முதல் 700×40 வரை ஏதாவது எழுதியிருக்கணும். பின் சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் ஸ்க்ரூ போட ஓட்டை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. கேரியரும் மட்கார்டும் அதில்தான் நிற்கும். அந்த ஓட்டை இல்லாத வண்டியில் லேப்டாப் பை காலம் முழுக்க உங்க முதுகில்தான்.

பின்னாடி ஏழு அல்லது எட்டு கியர் போதும். நான் கியர் வேணும்னு சொல்றதே காற்றுக்காகத்தான். இசிஆரில் அடையாறிலிருந்து மகாபலிபுரம் சுமார் 50 கிலோமீட்டர், ஏற்றமே கிடையாது. ஆனா முட்டுக்காடு பாலத்தில் எதிர்க்காற்று அடிச்சா மேம்பாலம் ஏறுற மாதிரியே இருக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். நவம்பர், டிசம்பரில் அப்படியே தலைகீழ், வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும். அந்த மாசங்களில் ஒரே நாளில் போய் வர பிளான் பண்ணாதீங்க. ராத்திரி தங்கிட்டு விடியற்காலையில் கிளம்புங்க.

பிரேக்கில் ரொம்ப யோசிக்க வேண்டாம். சாதாரண வி-பிரேக் என்றால் தெருமுனைக் கடையிலேயே கட்டை மாற்றிடலாம். மழையிலும் விடாம ஓட்டுறவங்க மெக்கானிக்கல் டிஸ்க் எடுங்க.

டியூபில் இருக்கும் வால்வைப் பாருங்க. பைக், கார் டயரில் இருக்கிற அதே தடிமன் என்றால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று அடிச்சுக்கலாம். ஒல்லியான வால்வுக்கு தனி பம்ப் வேணும். இசிஆரில் பஞ்சர் கடை இருக்கும், ஆனா உங்க 700 சைஸ் டியூப் அங்கே இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.

சைஸ் விஷயத்தில் சமரசமே கூடாது. நடு பாரின் மேல் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றால் ஓரிரு அங்குலமாவது இடைவெளி வேணும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசா மட்டும் மடங்கணும். "ஓட்ட ஓட்ட பழகிடும் சார்"னு கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்க.

பிராண்டு கேட்பீங்க. 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செஞ்ச டிஐ சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, மான்ட்ரா எல்லாம் கொண்டுவந்தது. நம்ம ஊர் பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் உங்க வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் கடை இருக்கோ, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

விலை பேசும்போது ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சிருக்கு. பில்லில் அது சரியா இருக்கான்னு பாருங்க. நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமா கொடுத்தால் எவ்வளவு குறைப்பாங்கன்னு இரண்டையும் கேளுங்க.

சைக்கிள் விலையோட பட்ஜெட் முடியறதில்லை. ஹெல்மெட் 1,200, பூட்டு 700, முன் பின் லைட் 800, மட்கார்டு 500, கேரியர் 1,000, டியூபும் பம்பும் 800. தோராயமா 5,000 ஆகும். உங்ககிட்ட 20,000 இருந்தால் 15,000 ரூபாய் வண்டியைத்தான் பார்க்கணும்.

வாங்கும் முன்னால் ஒரு மாசம், வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற பழைய சைக்கிளையோ நண்பரின் சைக்கிளையோ ஓட்டிப் பாருங்க. எத்தனை நாள் ஆபீஸ் போனீங்கன்னு காலண்டரில் குறிச்சு வைங்க. 10 நாளுக்குக் கீழே வந்தால் இப்போதைக்கு வாங்காதீங்க.

வாங்கின அன்றைக்கே, பெடல் அச்சுக்கு அடியில் பொறிச்சிருக்கும் ஃபிரேம் நம்பரை போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வைங்க. நம்பர் பிளேட் இல்லாத வண்டி. திருடு போனால் இது உங்களுதுன்னு ஸ்டேஷனில் காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.