கேடயமும் அளவுகோலும்

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடி ஏற்றுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், சிறந்த சங்கங்களுக்குக் கேடயம் வழங்குகிறோம். கேடயம் பெறும் சங்கம் ஒன்றோ இரண்டோதான். மேடையின் கீழே அமர்ந்திருக்கும் ஏனைய சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு அவ்விழாவினால் விளையும் பயன் என்ன? கைதட்டிவிட்டு வீடு திரும்புவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறதா?

முடிந்துவிடலாகாது என்பதே இம்மாதப் பாடத்தின் கருத்து. பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் எல்லோருக்கும் பொது. அதை எடுத்து நம் சங்கத்தை நாமே அளந்து பார்க்கலாம். அதற்கு விண்ணப்பமும் வேண்டாம். எவருடைய அனுமதியும் வேண்டாம்.

தணிக்கை போதாதா?

"ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிறது, வகுப்பும் தருகிறார்கள். வேறு அளவு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 80 ஆம் பிரிவு தணிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தணிக்கையின்றிக் கூட்டுறவு இல்லை. அங்கத்தினரின் பணத்துக்கு அதுவே முதற்காவல்.

ஆனால் தணிக்கையின் கண் பெரும்பாலும் முடிந்துபோன ஆண்டின் கணக்கைப் பார்க்கும் கண். இருப்பு சரியா, ரொக்கம் சரியா, கடன் தவணை தவறியதா, செலவுக்குச் சீட்டு உண்டா என்பவற்றை அது காட்டும். சேலை ஏன் விற்பனையாகாமல் தேங்கியது, நெசவாளியின் மகன் ஏன் தறியை விட்டு ஆலை வேலைக்குப் போனான், விவசாயி ஏன் சங்கத்தைக் கடந்து சென்று கமிஷன் மண்டியில் மூட்டையை இறக்குகிறார் என்பவற்றைப் பேரேடு சொல்லாது. 'ஏ' வகுப்புப் பெற்ற சங்கத்திலும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகலாம். கணக்கு நேர்மையானது என்பது வேறு. சங்கம் உயிரோடு வளர்கிறது என்பது வேறு. இரண்டும் வேண்டும்.

அளவுகோல் பிறந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழில்கள் சீர்குலைந்து கிடந்தன. 1950 இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் அங்கே சென்று தரத்தைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அவ்விரிவுரைகள் நூலாக வெளிவந்தபோது தமக்கு உரிய பங்குத் தொகையை அவர் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் சங்கத்துக்கே அளித்துவிட்டார். அதனைக் கொண்டு 1951 இல் டெமிங் பரிசு தொடங்கப்பெற்றது. பொருள் செய்து முடித்த பின் குறை தேடுவதைவிட, குறை நேராதபடி செய்முறையைத் திருத்துவதே தரம் என்பது அதன் அடிப்படை.

அமெரிக்காவில் 1987 இல் மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருதுக்குச் சட்டம் இயற்றினார்கள். 1988 இல் முதல் விருதுகள் வழங்கப்பட்டன. 1989 இல் அதைப் பெற்றவற்றுள் மில்லிகன் என்ற நெசவாலை நிறுவனமும் ஒன்று. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991 இல் இராஜீவ் காந்தி தேசியத் தர விருதை ஏற்படுத்தியது.

இவ்வரலாற்றுக்கும் காந்திகிராமத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1947 இல் டாக்டர் ஜி. இராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார், டி. வி. எஸ். நிறுவனங்களைத் தோற்றுவித்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. அந்தக் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998 இல் டெமிங் பரிசு பெற்றது. 2002 இல் டி. வி. எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றது. தந்தை தொடங்கிய தொழில் இயந்திரத்தின் தரத்தைத் தேடியது; மகள் தொடங்கிய பணி கிராம வாழ்வின் தரத்தைத் தேடியது. அளவுகோல் ஆலைக்கு மட்டும் உரியது, சின்னாளபட்டித் தறிக்கும் சிறுமலை அடிவாரத் தோட்டத்துக்கும் பொருந்தாது என்று எண்ணத் தேவையில்லை.

ஏழு தலைப்புகள்

பால்ட்ரிஜ் விருதின் 2013-14 பதிப்பில் மொத்தம் 1000 மதிப்பெண். அவற்றின் பங்கீட்டை நம் சங்கத்தின் மொழியில் சொன்னால் இவ்வாறு அமையும்:

1. தலைமை (120): நிர்வாகம் நேர்மையாகவும் ஒளிவு மறைவின்றியும் நடக்கிறதா?
2. திட்டம் (85): அடுத்த மூன்றாண்டுகளுக்கு எழுதி வைத்த நோக்கம் உண்டா?
3. வாடிக்கையாளர் (85): நம் துணியை உடுத்துவோர், நம் விளைபொருளை வாங்குவோர் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டறிகிறோமா?
4. அளத்தலும் அறிவும் (90): முடிவுகளைப் புள்ளிகளைக் கொண்டு எடுக்கிறோமா, ஊகத்தைக் கொண்டு எடுக்கிறோமா?
5. உழைப்போர் (85): நெசவாளி, தார் சுற்றும் பெண், எடையாளர், எழுத்தர் ஆகியோரின் திறமையும் நலமும் பேணப்படுகின்றனவா?
6. செய்முறை (85): நூல் வழங்கல், சாயம், சரக்கு ஏற்பு, எடை, பணப் பட்டுவாடா ஆகியவை ஒழுங்காக நடக்கின்றனவா?
7. பலன் (450): மேற்சொன்ன ஆறினாலும் விளைந்தது என்ன?

பலனுக்கு மட்டும் ஏறக்குறையப் பாதி மதிப்பெண் அளித்திருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். அழகாகத் தீர்மானம் எழுதுவதற்கு மதிப்பு குறைவு. எழுதியது நடந்ததா என்பதற்கே மதிப்பு அதிகம். பலன் என்பதும் இலாபம் மட்டுமன்று. வாடிக்கையாளர் மனநிறைவு, உழைப்போர் நலம், செய்முறையின் திறம், தலைமையின் ஒழுங்கு, பணநிலை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

நான்கு கேள்விகள்

முதல் ஆறு தலைப்புகளில் எதை எடுத்தாலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நூல் வழங்கலை உதாரணமாகக் கொள்வோம்.

முறை உண்டா? எந்த நாளில், எந்த அளவில், எந்த வரிசையில் நூல் தருவது என்பதற்கு விதி இருக்க வேண்டும். "வந்தபோது தருகிறோம்" என்பது முறையன்று.

அது எல்லோரையும் எட்டுகிறதா? சங்கக் கட்டடத்தின் அருகில் வசிப்பவருக்குத் திங்கட்கிழமையும், தூரத்துத் தெருவில் வசிக்கும் விதவை நெசவாளிக்கு வியாழக்கிழமையும் நூல் கிடைக்குமானால், முறை காகிதத்தில் இருக்கிறதேயன்றி நடைமுறைக்கு வரவில்லை.

அனுபவத்தால் திருத்தப்படுகிறதா? சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் நூல் தட்டுப்பட்டிருந்தால், இவ்வாண்டு அதற்கு முன்கூட்டி என்ன மாற்றம் செய்தோம்?

மற்றவற்றோடு இசைகிறதா? விற்பனைக்கூடத்தில் எந்த நிறம் விலைபோகிறது என்பதை அறிந்த பிறகே சாயம் போட்ட நூல் கொடுக்கப்படுகிறதா? அல்லது விற்பவர் ஒரு நிறம் கேட்க, நெய்பவர் வேறு நிறம் நெய்கிறாரா?

நான்காம் கேள்வியில்தான் பெரும்பாலும் தேக்கத்தின் வேர் அகப்படும். குறை நெசவாளியின் கையில் இல்லை. இரண்டு மேசைகளுக்கு இடையே போகாத செய்தியில் இருக்கிறது.

பலனை அளப்பது எப்படி?

பலனுக்கும் நான்கு கேள்விகள் உள்ளன. இன்றைய நிலை என்ன? மூன்றாண்டுப் போக்கு ஏறுமுகமா, இறங்குமுகமா? அண்டைச் சங்கத்தோடு ஒப்பிட்டால் எப்படி? நாம் அளப்பது உண்மையில் முக்கியமானதா?

ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டுகளாக அது இலாபம் காட்டுகிறது; இலாபம் கூடியும் வருகிறது. பேரவையில் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறுகிறது. ஆனால் ஓடும் தறிகளை எண்ணினால் முதலாண்டில் 120, இரண்டாம் ஆண்டில் 104, மூன்றாம் ஆண்டில் 91. இலாபம் எங்கிருந்து வந்தது? கட்டட வாடகையிலிருந்தும் வைப்புத்தொகை வட்டியிலிருந்தும். நெசவாளர் சங்கம் என்ற பெயர்ப்பலகையின் கீழ் நெசவு தேய்ந்துகொண்டிருக்கிறது. மூன்று எண்களை ஒரே வரிசையில் எழுதிப் பார்த்திருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே எச்சரிக்கை கிடைத்திருக்கும்; 16 குடும்பங்கள் விலகியபோதே காரணம் கேட்டிருக்கலாம்.

விளைவிப்போர் சங்கத்துக்கு இன்னொரு கற்பனை உதாரணம். ஒரு விற்பனைச் சங்கம் மண்டியைவிடக் குறைந்த கமிஷன் பிடிக்கிறது, எடையும் நேர்மையானது. ஆயினும் வரத்து குறைகிறது. விசாரித்தால், மண்டியில் அன்றைக்கே பணம் கிடைக்கிறது. சங்கத்தில் எட்டு நாள் ஆகிறது. அந்த எட்டு நாளில் கூலியாட்களுக்கு யார் பணம் கொடுப்பது? கமிஷன் விகிதத்தைப் பெருமையோடு அளந்த சங்கம், பட்டுவாடா நாட்களை அளக்கவே இல்லை. அங்கத்தினர் எதை எண்ணித் தீர்மானிக்கிறாரோ அதையே சங்கமும் அளக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

விருது வேறு, வாழ்வு வேறு என்பதையும் மறந்துவிடலாகாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து வாலஸ் நிறுவனம் 1990 இல் பால்ட்ரிஜ் விருது பெற்றது; 1992 இல் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. டெமிங் பரிசை 1989 இல் பெற்ற புளோரிடா மின்சார நிறுவனம், பரிசுக்காகப் பெருகிப்போன அறிக்கைகளையும் படிவங்களையும் பின்னர்ப் பெருமளவு குறைக்க வேண்டியதாயிற்று. மேடைக்காக அளப்பவர் காகிதத்தைப் பெருக்குவார். சங்கத்துக்காக அளப்பவர் குறையைக் குறைப்பார். மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதே ஆகும்.

பால்ட்ரிஜ் விருதுக்கு விண்ணப்பித்த நிறுவனங்களுக்குப் பரிசு கிடைக்காவிட்டாலும், நிறைகளையும் திருத்த வேண்டியவற்றையும் விளக்கும் அறிக்கை ஒன்று கிடைத்துவந்தது. நமக்கு வேண்டியதும் அந்த அறிக்கையே. அதை நாமே எழுதிக்கொள்ளலாம்.

செய்யும் வகை

முதலாவது, ஐந்து பேர் கொண்ட சிறு குழு அமையுங்கள். நிர்வாகத்தில் ஒருவர், ஊழியர் ஒருவர், அங்கத்தினர் மூவர். மூவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். ஒருவர் சங்கத்தோடு வரவு செலவைக் குறைத்துக்கொண்டவராக இருக்கட்டும். விலகி நிற்பவருக்கே குறை நன்றாகத் தெரியும். சங்கம் நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருப்பினும், தனி அலுவலரின் பொறுப்பில் இருப்பினும் இம்முறை பொருந்தும்.

இரண்டாவது, ஏழு தலைப்புகளுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் இடப்புறம் நிறைகள், வலப்புறம் குறைகள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும்: பதிவேடு, எண், அல்லது நேரில் கேட்டறிந்த செய்தி. ஆதாரமில்லாத புகழும் வேண்டாம். ஆதாரமில்லாத பழியும் வேண்டாம்.

மூன்றாவது, குறைகள் இருபது கிடைத்தாலும் இரண்டை மட்டும் இவ்வாண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர், முடிக்க வேண்டிய நாள் ஒன்று, அளக்கும் எண் ஒன்று குறியுங்கள்.

நான்காவது, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த எண்களைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். ஆண்டுப் பேரவையில் இலாப நட்டக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

கூட்டுறவுக்குரிய சிறப்பு

தனியார் ஆலையில் முதலாளி வேறு, தொழிலாளி வேறு. நெசவாளர் சங்கத்திலோ தறியில் அமர்பவரே உரிமையாளர். விற்பனைச் சங்கத்தில் மூட்டை கொண்டுவருபவரே பங்குதாரர். 1995 இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு இணையம் ஏற்ற ஏழு கொள்கைகளில் அங்கத்தினரின் ஜனநாயக நிர்வாகமும், கல்வியும், சமுதாய அக்கறையும் அடங்கும். ஆகையால் நம் அளவுகோலில் இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: அங்கத்தினர் இச்சங்கத்தை "நம் சங்கம்" என்று சொல்லுகிறாரா, "அந்த ஆபீஸ்" என்று சொல்லுகிறாரா? இதற்கு மதிப்பெண் போட இயலாது. ஆனால் மற்ற மதிப்பெண்களின் பொருள் இதில்தான் விளங்கும்.

வாசிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. உங்கள் சங்கத்தில் மூன்றாண்டுகளுக்கு முன் எத்தனை தறிகள் ஓடின, அல்லது எத்தனை பேர் விளைபொருள் கொண்டுவந்தார்கள்? இன்று எத்தனை?
2. சரக்கோ விளைபொருளோ ஒப்படைத்த நாளுக்கும் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்?
3. சங்கத்தை விட்டு விலகிய ஒருவரைச் சந்தித்துக் காரணம் கேளுங்கள். அக்காரணம் எந்தத் தலைப்பில் சேரும்?
4. இவ்வாண்டுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் இரண்டு குறைகள் எவை? அவற்றுக்கு யார் பொறுப்பு?

வரும் கூட்டுறவு வாரத்தில் கேடயம் எச்சங்கத்துக்கும் கிடைக்கட்டும். ஓய்ந்த தறி ஒன்று மீண்டும் ஓடினால், விலகிய விவசாயி ஒருவர் மீண்டும் சங்கத்து வாசலில் வண்டியை நிறுத்தினால், அந்தச் சங்கம் அளவுகோலைச் சரியாகப் பயன்படுத்தியது என்று கொள்ளலாம்.