மின்சாரக் கார் யாருக்கு? வேகப் பிரியருக்கா, குடும்பத்துக்கா?



"எலெக்ட்ரிக் கார்னா ரேஸ் கார் மாதிரி பறக்கும்டா!" என்றான் ஒரு நண்பன். "போடா, அது பணக்காரங்க விளையாடுற பொம்மை. நம்ம மாதிரி ஆளுங்க யாரு வாங்குவா?" என்றான் இன்னொருவன். இடைவேளை முழுக்க இதே சண்டை. யார் சொன்னது சரி? பார்ப்போமா?

வேகம் எப்படி வருகிறது?

பெட்ரோல் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இழுவை குறைவு. சுற்று ஏறினால்தான் பலம் வரும். அதனால்தான் கியர் மாற்றுகிறோம். மின் மோட்டார் அப்படி இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழுத் திருப்பு விசையையும் தந்துவிடும். மிதித்த உடனே வண்டி பாயும்.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். 1899-லேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி ஒரு மின்சாரக் காரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். சாலை வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தாண்டியது அதுதான் முதல் முறை!

இரண்டு கார்கள், இரண்டு பாடங்கள்

1. ரேவா: 2001-ல் பெங்களூருவில் விற்பனைக்கு வந்தது. சின்னஞ்சிறு கார். பின் இருக்கையில் சிறுவர்கள்தான் உட்கார முடியும். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 80 கி.மீ. ஓடும். ஓட்டும் செலவு குறைவுதான். ஆனாலும் சில ஆயிரம் கார்களே விற்றன.

2. டெஸ்லா ரோட்ஸ்டர்: 2008-ல் அமெரிக்காவில் வந்தது. சுமார் 4 வினாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் விலை ஒரு லட்சம் டாலர் அளவில்! மொத்தம் சுமார் 2,450 கார்களே தயாராயின.

ஆக, சிக்கனம் மட்டும் இருந்தாலும் கூட்டம் வரவில்லை, வேகம் மட்டும் இருந்தாலும் வரவில்லை.

பிறகு எங்கே கூட்டம் வந்தது?

நார்வே நாட்டில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் 100-க்கு சுமார் 89 மின்சாரக் கார்கள். அத்தனை பேரும் ரேஸ் ஓட்டுபவர்களா என்ன? இல்லவே இல்லை. அந்நாட்டு அரசு பல ஆண்டுகளாக மின்சாரக் காருக்கு வரிச் சலுகை தந்து வந்தது. அதனால் விலை பெட்ரோல் காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சீனாவில் 2020-ல் வந்த வூலிங் மினி காரின் ஆரம்ப விலை 28,800 யுவான். அதிகபட்ச வேகமே 100 கி.மீ.தான். அதுவோ லட்சக்கணக்கில் விற்றது!

ஒரு கணக்கு போடுவோம்

பெட்ரோல் கார் லிட்டருக்கு 20 கி.மீ., பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 8 கி.மீ., யூனிட் ரூ.8. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால்:

பெட்ரோல்: 50 லிட்டர் = ரூ.5,000
மின்சாரம்: 125 யூனிட் = ரூ.1,000
மிச்சம் = ரூ.4,000

மின்சாரக் காரின் விலை 2 லட்சம் அதிகம் என்றால், அதை எடுக்க 50 மாதம் ஆகும். நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. பரவாயில்லை! ஆனால் மாதம் 250 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் ரூ.1,000தான். அவர் 200 மாதம் காத்திருக்க வேண்டும். அதாவது 16 வருஷத்துக்கும் மேலே!

இன்னொன்றும் இருக்கு. சொந்த வீட்டு வாசலில் நிறுத்துபவர் ராத்திரி பிளக்கைச் சொருகிவிட்டுத் தூங்கலாம். மூணாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர், வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு எங்கே போய் சார்ஜ் ஏற்றுவார்? அவருக்கும் வழி செய்தால்தான் இது எல்லோருக்குமான கார்.

முடிவு என்ன?

நண்பர்கள் இருவர் சொன்னதிலும் பாதி உண்மை. வேகம் மின்சாரக் காருக்குப் பேர் வாங்கித் தந்தது. ஆனால் சாதாரண மக்கள் பார்ப்பது விலை, தினசரி ஓட்டம், சார்ஜ் ஏற்ற இடம் ஆகிய மூன்றும்தான். தினமும் ஓடும் டாக்ஸிக்காரருக்கு இது லாபம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு இப்போதைக்கு அவசரமில்லை.

உங்கள் தெருவில் கார் வைத்திருப்பவரிடம் மாதம் எத்தனை கி.மீ. ஓட்டுகிறார் என்று கேளுங்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டு, விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி இதன் கீழே ஒட்டுங்கள். யாருக்கு லாபம் என்று நாமே கண்டுபிடிப்போம்!


- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்