புது அடுப்பு வைக்கப்போகிற பேத்திக்கு

கண்ணு, வெள்ளிமலையில் தனிக்குடித்தனம் வைக்கிறாய். கதவுக்கு என்ன மரம் என்று கேட்காமல் என்ன அடுப்பு வைக்கலாம் என்று கேட்டாய் பார், அதிலேயே எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

1. அடுப்பின் முன் உட்காராதவர் கையில் அந்த முடிவை விடாதே. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு நாடெங்கும் கோடிக்கணக்கில் மேம்பட்ட அடுப்புகளைப் போட்டுக்கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பல வீடுகளில் அவை சீக்கிரமே விரிசல் விட்டு மூலையில் கிடந்தன. கேழ்வரகுக் களி கிண்டும்போது துடுப்பை எவ்வளவு அழுத்துவோம், பானையின் அடி எவ்வளவு அகலம் என்றெல்லாம் சமைக்கிறவளைக் கேட்டிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். கொத்தனார் வரும் நாளில் உன் பெரிய பானையை அவர் எதிரே எடுத்து வை. வெட்கப்படாமல் பேசு.

2. புகையை வெளியே அனுப்புமுன், அது இதுவரை பார்த்த வேலைக்கு வேறு ஆள் பார். அடுப்புக்கு மேலே பரணில் கட்டிய சோளக்கதிரை வண்டு அண்டாமல் காத்தது அந்தப் புகைதான். மார்கழிக் குளிரில் குழந்தைகள் சுற்றி உட்காருவதும் அடுப்படியில்தான். புகைபோக்கி வைத்தபின் விதையை நன்றாக வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து மூடி வை. இதைச் செய்யாமல் அடுப்பை மட்டும் மாற்றிய வீட்டில், மாமியார் ஒரே மாதத்தில் பழைய கல் அடுப்பைத் தேடுவார். அவர் மேல் தப்பில்லை.

3. மூன்று கல் அடுப்பில் எரியும் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் பானைக்குப் போகிறது. மீதியெல்லாம் காற்றோடு போய்விடும். அடியில் கம்பித்தட்டு வைத்து, கீழிருந்து காற்று ஏறி, தீ பானையை உரசிக்கொண்டு போகிற மாதிரி கட்டிய அடுப்பில் அது இருபத்தைந்து பங்குவரை ஏறும். வாங்கப் போகும் இடத்தில் பற்றவைத்துக் காட்டச் சொல். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதே.

4. ஈர விறகுக்கு எந்த அடுப்பும் வாக்குக் கொடுக்காது. பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓட்டவே உன் விறகு செலவாகும். என் மாமியார் சித்திரையிலேயே விறகைப் பிளந்து, தாழ்வாரத்தில் காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்கும் அடுக்கிவிடுவார். ஐப்பசி மழையில் ஊரே ஊதுகுழலோடு போராடும்போது அவர் ஒரு சுள்ளியில் பற்றவைப்பார். மெல்லிசாகப் பிள. அவசரப்படாதே.

5. புகைபோக்கியை மாதம் ஒருமுறை தட்டி உதிர்த்துவிடு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புகை திரும்புகிறது என்று கொத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். குழாய்க்குள் விரலளவு ஓட்டைதான் மிஞ்சியிருந்தது, மற்றதெல்லாம் கரி.

6. காஸ் அடுப்பு உண்டே என்பாய். 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தபின் ஏழை வீடுகள் பலவற்றுக்கு இணைப்பு வந்துவிட்டது, 14.2 கிலோ சிலிண்டர் மலையேறி வருவதுதான் பாடு. அடுத்த சிலிண்டருக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பார். அந்தத் தரக்கணக்கில் நூற்றுக்கு 68 பங்காவது சூடு பாத்திரத்துக்குப் போயாக வேண்டும். தீ நீலமாக எரியட்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் தேய். கரண்ட் அடுப்பு இன்னும் சிக்கனம், கரண்ட் இருக்கும்வரை.

விருந்தாளிக்காகக் காஸ் அடுப்பைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது சிக்கனமில்லை கண்ணு, வீம்பு. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. வெந்நீருக்கும் களிக்கும் விறகு எரியட்டும். மடியில் பிள்ளை இருக்கும் நேரத்துச் சமையலுக்குக் காஸைத் திற.